இணைபிரியாக் காரணிகள்

காரணி என்னும் சொல்லை நாம் தொடக்கப்பள்ளியிலேயே கேட்டுவிடுகிறோம். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் காரணி. 12-ஐ 3 மீதியின்றி வகுக்கிறது. ஆகவே 3 ஒரு காரணி. வகுத்தபோது கிடைத்த ஈவு 4, அதுவும் காரணியே. எனவே காரணிகள் தனியே வருவதில்லை, இணையாகவே வருகின்றன. இவ்வளவு எளிய செய்தியைப் பற்றிக் கல்லூரி ஆண்டு மலரில் எழுத என்ன இருக்கிறது என்று எங்கள் துறை நண்பர்களே சிரிக்கக்கூடும். நானும் அப்படி எண்ணியிருந்தவன்தான். ஒரு விடைத்தாள் என் எண்ணத்தை மாற்றிற்று.

முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் தொடங்குமுன் பள்ளிக் கணக்கை நினைவூட்டும் வகுப்புகள் சில நாள் நடத்துவது எங்கள் வழக்கம். அதன் முடிவில் ஒரு சிறு தேர்வு வைத்தேன். ஒரு வினா இது: ‘360-இன் காரணி இணைகள் எல்லாவற்றையும் எழுதுக. வேறு இணை இல்லை என்பதற்குக் காரணம் கூறுக.’ மதிப்பெண் ஐந்து.

ஒரு மாணவி பன்னிரண்டு இணைகளைச் சரியாக எழுதியிருந்தாள். காரணம் கூற வேண்டிய இடத்தில் எழுத்துக்குப் பதிலாகச் செவ்வகங்களை வரைந்திருந்தாள். முதலாவது ஒல்லியாய் நீண்டிருந்தது. வரவர நீளம் குறைந்து அகலம் கூடிற்று. கடைசிச் செவ்வகம் ஏறக்குறையச் சதுரம். அதன் கீழே, ‘19 × 19 = 361. இதற்கு மேல் அடுக்கு இல்லை’ என்று ஒரே வரி. நான் சிவப்பு மையால் ‘நிறுவல் எங்கே?’ என்று எழுதி, ஐந்துக்கு இரண்டு போட்டு, அடுத்த தாளை எடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவள் துறை மாற்ற விண்ணப்பத்துடன் என் அறைக்கு வந்தாள். வகுப்பாசிரியர் என்ற முறையில் நான் கையெழுத்திட வேண்டும்.

“ஏனம்மா, கணிதம் வேண்டித்தானே சேர்ந்தாய்?” என்றேன்.

“எனக்கு இது சரிப்பட்டு வராது போலிருக்கு சார்.”

“யார் சொன்னது?”

“நீங்கதான் சார்” என்று அந்த விடைத்தாளை நீட்டினாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

“சரி, இந்தப் படம் என்ன, சொல்லு” என்றேன்.

அவள் பெற்றோர் செங்கல் சூளையில் கல் அறுப்பவர்கள். விடுமுறை நாள்களில் காய்ந்த கல்லை அடுக்குவது அவள் வேலை. 360 கல்லைத் தரையில் செவ்வகமாகப் பரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வரிசையாக வைத்தால் நீளம் 360. இரண்டு வரிசை என்றால் 180. வரிசை கூடக் கூட நீளம் குறைந்துகொண்டே வரும். வரிசையும் நீளமும் ஏதோ ஓர் இடத்தில் நெருங்கி வந்துவிடும். “அதைத் தாண்டினா புது அடுக்கு கிடையாது சார். அதே அடுக்கை இந்தப் பக்கம் திரும்பி நின்னு பார்க்கிற மாதிரிதான்.”

“19 வரிசை வைக்க முடியாதா?”

“19 வரிசை வச்சா நீளம் 19-க்குக் கீழே வந்துடும். 19-க்குக் கீழே உள்ளதையெல்லாம்தான் ஏற்கெனவே பார்த்தாச்சே.”

7, 11, 13, 14, 16, 17 ஆகியவை 360-ஐ வகுக்காது என்பதை வகுத்துப் பார்த்தாயா என்று கேட்டேன். தாளைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில் ஆறு வகுத்தல்களும் வரிசையாக இருந்தன. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பியே பார்க்கவில்லை.

நான் கேட்ட நிறுவல் இதைவிட வேறு அன்று. குறியீட்டில் எழுதினால் இரண்டு வரிதான். ந என்னும் எண்ணின் காரணி இணை அ, ஆ என்க. இவற்றுள் அ சிறியது அல்லது இரண்டும் சமம். அப்படியானால் அ × அ என்பது அ × ஆ-ஐவிட மிகாது. அதாவது ந-ஐவிட மிகாது. ஆகவே சிறிய காரணி ந-இன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 360-இன் வர்க்கமூலம் 18-க்கும் 19-க்கும் இடையே இருக்கிறது. எனவே 1 முதல் 18 வரை சோதித்தால் போதும். ஒவ்வொரு வெற்றிக்கும் ஈவாகப் பெரிய காரணி தானே வந்து சேரும்:

1 × 360, 2 × 180, 3 × 120, 4 × 90, 5 × 72, 6 × 60, 8 × 45, 9 × 40, 10 × 36, 12 × 30, 15 × 24, 18 × 20.

பதினெட்டு சோதனைகளில் இருபத்து நான்கு காரணிகளும் கைக்கு வந்துவிட்டன. 360 வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பவர் எவ்வளவு வீண் உழைப்பு உழைக்கிறார் என்று பாருங்கள். சோதனைகளையும் இன்னும் குறைக்கலாம். 7 வகுக்கவில்லை என்றால் 14-ஐத் தொடவே வேண்டாம். பகா எண்தானா என்று மட்டும் அறிய வேண்டுமானால் பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். 221-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கமூலம் 15-க்குச் சற்றுக் கீழே. 2, 3, 5, 7, 11 ஆகியவை வகுக்கவில்லை, 13 வகுக்கிறது, ஈவு 17. ஆண்டுதோறும் என் வகுப்பில் பாதிப் பேர் 91-ஐப் பகா எண் என்றே எழுதுகிறார்கள். 7-ஆம் வாய்பாடு பதின்மூன்று வரை போவதை யாரும் பொருட்படுத்துவதில்லை!

‘வேறு இணை இல்லை’ என்று உறுதியாகச் சொல்ல முடிவதில் என்ன பயன் என்று கேட்கலாம். பள்ளியில் இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தியதை நினைத்துக்கொள்ளுங்கள். x² + 39x + 360 என்பதற்கு, பெருக்கினால் 360-உம் கூட்டினால் 39-உம் வரும் இணை தேவை. மேலே உள்ள பட்டியலில் 15, 24 கிடைக்கின்றன. x² – 9x – 360 என்றால் 9 வேறுபாடுள்ள இணை வேண்டும். மறுபடியும் அதே 15, 24. விடை (x – 24)(x + 15). சரி, x² + 40x + 360 என்றால்? பன்னிரண்டு இணைகளின் கூட்டுத்தொகைகளையும் எழுதிப் பாருங்கள்: 361, 182, 123, 94, 77, 66, 53, 49, 46, 42, 39, 38. இவற்றில் 40 இல்லை. பட்டியல் முழுமையானது என்று நிறுவிவிட்டதால், இக்கோவைக்கு முழு எண் காரணிகள் இல்லை என்று துணிந்து எழுதலாம். நிறுவாதவர் இன்னும் தேடிக்கொண்டே இருப்பார். தேர்வு மணியும் அடித்துவிடும். நானே ஒன்பதாம் வகுப்பில் அப்படித் தேடித் தவித்தவன்.

என்னை அந்தத் தவிப்பிலிருந்து மீட்டவர் என் பாட்டனார். தானிய மண்டி ஒன்றில் கணக்கு எழுதியவர். திண்ணைப் பள்ளியில் படித்தவர். x என்றால் அவருக்குத் தெரியாது. ஆனால் ‘பெருக்கினால் இன்னது வரும் இரண்டு எண்’ என்று சொன்னதும், “இதுக்கா அழுவுறே? எங்க காலத்திலே முந்திரியைப் பிரிச்சே விளையாடுவோம்” என்றார். அப்போது அது எனக்கு விளங்கவில்லை. ஆசிரியனான பிறகு ஒருநாள் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் வியந்தேன்.

நம் பழைய கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி என்பது 1/320. 320-இன் வர்க்கமூலம் 18-க்குச் சற்றுக் கீழே. காரணி இணைகள் ஏழு: 1 × 320, 2 × 160, 4 × 80, 5 × 64, 8 × 40, 10 × 32, 16 × 20. இப்போது இவற்றைப் பின்னங்களாக மாற்றிப் பழைய பெயர்களால் படியுங்கள். அரையின் பங்காளி 1/160, அதாவது அரைக்காணி. காலின் பங்காளி 1/80, காணி. அரைக்காலின் பங்காளி 1/40, அரைமா. 1/5 என்பது நாலுமா. அதன் பங்காளி 1/64, கால்வீசம். 1/10 என்பது இருமா. அதன் பங்காளி 1/32, அரைவீசம். 1/16 வீசம், அதன் பங்காளி 1/20, மா. எந்த இணையை ஒன்றோடொன்று பெருக்கினாலும் முந்திரிதான் விடை. 320-இன் காரணி ஒவ்வொன்றுக்கும் உரிய பின்னத்துக்கு நம் முன்னோர் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ஒன்றுகூட விடுபடவில்லை. வயலையும் நெல்லையும் பங்கிட்டவர்களுக்குக் காரணி இணை பாடப்புத்தகச் செய்தியாக இருக்கவில்லை.

நாணயத்திலும் இது உண்டு. முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 12 தம்பிடி. ஆக 192 தம்பிடி. 192-க்கும் 320-ஐப் போலவே பதினான்கு காரணிகள். 1957-இல் ரூபாய் 100 காசானது. 100-க்கு ஒன்பது காரணிகளே உண்டு. மூன்று பேருக்கு ஒரு ரூபாயைச் சமமாகப் பங்கிடவும் இயலாது. பதின்மக் கணக்கின் எளிமைக்காக நாம் கொடுத்த விலை அது. குறையென்று சொல்லவில்லை, கணக்குப் பார்த்தேன், அவ்வளவுதான்.

100-க்கு ஒன்பது காரணிகள் என்றேனே, ஒற்றைப்படையில் எப்படி வந்தது? இணை இணையாக வருபவை இரட்டைப்படையில் அல்லவா முடிய வேண்டும்? 10 × 10 என்னும் இணையில் இருவரும் ஒருவரே. வர்க்க எண்களுக்கு மட்டும் இப்படி நேரும். 2025-ஐப் பாருங்கள்: 1 × 2025, 3 × 675, 5 × 405, 9 × 225, 15 × 135, 25 × 81, 27 × 75, 45 × 45. காரணிகள் பதினைந்து. ஆண்டின் எண் வர்க்கமாக அமைவது அரிது. இதற்கு முன் 1936, இனி 2116. அந்தச் சூளை அடுக்கில் சொன்னால், கல் முழுச் சதுரமாக அமையும் எண்கள் இவை. திரும்பி நின்று பார்த்தாலும் அதே தோற்றம்.

வர்க்கமூலத்திலிருந்து கீழ்நோக்கித் தேடினால் என்ன என்று பெர்மா எண்ணிப் பார்த்தார். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாட்டவர். தொழிலால் நீதித்துறையைச் சேர்ந்தவர். ஓர் ஒற்றைப்படை எண்ணின் காரணிகள் இரண்டும் ஒற்றைப்படை. ஆகவே அவற்றின் கூட்டுத்தொகையில் பாதியும் வேறுபாட்டில் பாதியும் முழு எண்கள். முதலாவதன் வர்க்கத்திலிருந்து இரண்டாவதன் வர்க்கத்தைக் கழித்தால் நம் எண் வந்துவிடும். 8051-ஐ 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போனால் 83 வரை போக வேண்டும். பெர்மாவின் வழியிலோ, வர்க்கமூலத்தை அடுத்து மேலே உள்ள முழு எண் 90; 90-இன் வர்க்கம் 8100; அதில் 8051 போக 49; அது 7-இன் வர்க்கம். எனவே காரணிகள் 90 – 7 = 83, 90 + 7 = 97. ஒரே எட்டு! பெர்மா தாமே எடுத்துக்காட்டிய எண் 2027651281. அவர் 45030-இலிருந்து தொடங்கிப் பன்னிரண்டாவது முயற்சியில் 45041-ஐ அடைந்தார். அதன் வர்க்கத்தில் அவ்வெண்ணைக் கழித்தால் 1040400. அது 1020-இன் வர்க்கம். ஆகவே காரணிகள் 44021, 46061. காரணிகள் ஒன்றுக்கொன்று அண்மையில் இருந்தால்தான் இம்முறை வேகமாக ஓடும். விலகியிருந்தால் வகுத்தல் முறையைவிட மோசமாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெரிய எண்களில் இந்தத் தேடல் வாழ்நாளையே விழுங்கக்கூடியது. இரண்டின் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணைப் பகா எண் என்று மெர்சென் 1644-இல் பட்டியலிட்டிருந்தார். அது பகு எண்ணே என்று லூக்கா 1876-இல் காட்டினார். ஆனால் காரணிகள் தெரியவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் கோல் என்பவர் 193707721 × 761838257287 என்னும் இணையை வெளியிட்டார். பெருக்கிப் பார்க்கச் சில நிமிடம் போதும். கண்டுபிடிக்க அவருக்கு மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன என்று சொல்வார்கள். பெருக்கல் எளிது, பிரித்தல் கடினம் என்னும் இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான் 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடல்மன் என்னும் மூவர் ஒரு மறைகுறி முறையைக் கட்டினர். அவர்கள் அன்று அறைகூவலாக விட்ட 129 இலக்க எண்ணின் இணை 1994-இல்தான் கிடைத்தது.

இனி அந்த மாணவியிடம் வருகிறேன். விடைத்தாளை வாங்கி மதிப்பெண்ணைத் திருத்தி ஐந்தாக்கினேன். “அடுத்த முறை படத்தின் கீழே இரண்டு வரி எழுது, நானும் தாளைத் திருப்பிப் பார்க்கிறேன்” என்றேன். அவள் போகவில்லை. சற்றுத் தயங்கி, “சார், எத்தனை கல்லு இருந்தா ரொம்ப விதமா அடுக்கலாம்?” என்று கேட்டாள்.

நான் எழுந்து கரும்பலகைக்கே போய்விட்டேன். காரணிகளின் எண்ணிக்கையை எண்ணாமலே அறிய ஒரு வழி உண்டு. 360 = 2³ × 3² × 5. எந்தக் காரணியிலும் 2 என்பது 0, 1, 2, 3 தடவை வரலாம், நான்கு விதம். 3 என்பது மூன்று விதம். 5 என்பது இரண்டு விதம். 4 × 3 × 2 = 24. அடுக்குக் குறிகளோடு ஒன்று ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டியதுதான். ஆகவே காரணிகள் மலிய வேண்டுமானால் சிறிய பகா எண்கள் நிறைய வேண்டும். பெரியவை சிக்கனமாக வேண்டும். தனக்குக் கீழ் உள்ள எல்லா எண்களையும்விட மிகுதியான காரணிகள் உடைய எண்களை வரிசைப்படுத்தினால் 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று போகும். நான் கைக்கு வந்தபடி வினாவில் கொடுத்த 360-உம் அதில் ஒன்று.

“இதை யாராவது முன்னாடியே கேட்டிருக்காங்களா சார்?”

இராமானுஜன் கேட்டிருக்கிறார் என்றேன். 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தவர். அவர் 1915-இல் இலண்டன் கணிதச் சங்க இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரை இத்தகைய மிகு பகு எண்களைப் பற்றியதே. அதில் 6746328388800 வரை ஒரு பட்டியல் தந்திருக்கிறார். அவ்வெண்ணுக்குக் காரணிகள் 10080. கையாலேயே போட்ட அந்தப் பட்டியலில் 293318625600 என்னும் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று. பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவது அதுவே. அதற்குக் காரணிகள் 5040. நான் ஒரு விடைத்தாளின் பின்பக்கத்தைப் பார்க்காமல் விட்டதற்கு இதைச் சமாதானமாகச் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

துறை மாற்ற விண்ணப்பத்தை அவள் திரும்பக் கேட்கவில்லை, நானும் கையெழுத்திடவில்லை. இப்போது அவள் இரண்டாம் ஆண்டு. ஆயிரம் கல்லுக்குள் 840-ஐத்தான் மிகுதியாக, பதினாறு விதமாக அடுக்க முடியும் என்று சென்ற மாதம் எழுதிக்கொண்டு வந்தாள். நிறுவலும் இருந்தது; படமும் இருந்தது. பத்தாயிரத்துக்குள் இரண்டு எண்கள் ஒன்றுக்கொன்று சளைக்காமல் முப்பத்திரண்டு விதமாக அடுக்கப்பட்டு முதலிடத்தில் நிற்கின்றன. அவை எவை என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை. விடையும் காரணமும் எழுதிக் கொண்டுவரும் மாணவர்கள் எந்நேரமும் என் அறைக்கு வரலாம்.